இடம் வலம் மாறிய விண்வெளிப் படங்கள்: பழைய புகைப்படம் புரண்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தில் பறந்த பீட் கான்ராடும் ரிச்சர்ட் கார்டனும் எடுத்த படங்களில் ஒன்றில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒன்றாகத் தெரியும். இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் வங்கக்கடல், நடுவில் நம் குமரி முனை. அந்தப் படத்தை யாராவது இடம் வலம் மாற்றி அச்சடித்தால் நமக்கு ஒரு நொடி போதும். இலங்கை கேரளாவுக்குப் பக்கத்தில் நிற்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அதே காலத்தில் எடுத்த நிலாத் தரைப் படம் ஒன்றைப் புரட்டிப் போட்டால்? சாம்பல் நிறத் தரை, கருப்பு வானம், நாலு கல், ஒரு நிழல். யாருக்கும் தெரியாது. இப்படித்தான் புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் இணையத்திலும் புரண்ட படங்கள் நுழைகின்றன. ஒருமுறை நுழைந்துவிட்டால் நகலுக்கு நகல் அதே தப்பு தொடர்கிறது. படத்தில் இருக்கும் கல் எந்தத் திசையில் கிடந்தது, வீரர் எந்தப் பக்கம் நடந்தார் என்று யாராவது பின்னாளில் அதை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே தலைகீழாகப் போகும். இவை மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பதிவுகள். அவற்றைச் சரியாகக் காட்டுவது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

இந்த வழிகாட்டி அந்த வேலைக்குத்தான். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். படத்தைச் சுழற்றவும் புரட்டவும் தெரிந்த எந்தச் செயலியும் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

முதல் வேலை: சுழன்றிருக்கிறதா, புரண்டிருக்கிறதா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். படத்தை 90 பாகையோ 180 பாகையோ திருப்பினால் அது சுழற்சி. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறியிருந்தால் அது புரட்டல். சுழன்ற படம் தப்பான படம் இல்லை. விண்வெளியில் மேல், கீழ் என்று ஒன்று கிடையாது.

1968 டிசம்பர் 24-ல் அப்பல்லோ 8-லிருந்து பில் ஆண்டர்ஸ் எடுத்த பூமி உதயப் படத்தையே பாருங்கள். எல்லோரும் அச்சிடுவது நிலாவின் விளிம்பு கீழே கிடைமட்டமாக இருக்கும்படி. ஆண்டர்ஸ் எடுத்தபடியே வைத்தால் விளிம்பு செங்குத்தாக வலப்பக்கம் நிற்கும். இரண்டும் ஒரே படம்தான், வெறும் சுழற்சி. 1972 டிசம்பர் 7-ல் அப்பல்லோ 17 குழு எடுத்த புகழ்பெற்ற முழு பூமிப் படத்திலும் அப்படித்தான்: மூலத்தில் அண்டார்டிகா மேலே இருக்கும், அச்சில் கீழே கொண்டுவந்திருப்பார்கள்.

அப்பல்லோ 11 தொலைக்காட்சி ஒளிபரப்பின் தொடக்கத்தில் காட்சி தலைகீழாக வந்ததும் சுழற்சிக் கதைதான். கேமராவை இறங்குகலத்தின் பக்கப் பெட்டியில் கவிழ்த்துத்தான் பொருத்தியிருந்தார்கள். தரை நிலையத்தில் ஒரு சுவிட்சைத் தட்டியதும் சரியானது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கெட்டியான வழி இருக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் உங்களுக்கு அடையாளம் தெரிந்த மூன்று புள்ளிகளை எடுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு விரலை ஓட்டுங்கள். விரல் கடிகார முள் திசையில் போகிறதா, எதிர்த் திசையிலா என்று பாருங்கள். படத்தை எத்தனை முறை சுழற்றினாலும் அந்தத் திசை மாறாது. புரட்டினால் மட்டுமே மாறும்.

ஜெமினி 11 படத்தில் குமரி, கோடியக்கரை, கொழும்பு என்று விரலை ஓட்டுங்கள். கடிகாரத் திசையில் வரும். படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அப்படியேதான் வரும். எதிர்த் திசையில் வந்தால் அந்தப் படம் புரண்டது, பேச்சே இல்லை.

இன்னொன்று. செயலியில் ‘மேல்கீழாகப் புரட்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதுவும் புரட்டல்தான். இடவலமாகப் புரட்டி 180 பாகை சுழற்றினால் என்ன கிடைக்குமோ அதுதான் அதிலும் கிடைக்கும். தலைகீழாக இருக்கும் படத்தை நிமிர்த்தப் போய் இந்தப் பொத்தானை அழுத்துகிறவர்களால்தான் இன்றைய டிஜிட்டல் தப்புகளில் பல உண்டாகின்றன.

படம் ஏன் புரள்கிறது?

ஃபிலிம் ஒளி ஊடுருவும் பொருள். இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், அது அடித்தளம். மறுபக்கம் மங்கலாக இருக்கும், அதுதான் படம் பதியும் எமல்ஷன். கேமராவில் எமல்ஷன் லென்ஸைப் பார்த்தபடி இருக்கும். அதனால் கேமராவிலிருந்து வந்த மூல ஃபிலிமைப் பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால்தான் காட்சி சரியாகத் தெரியும். எமல்ஷன் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடிப் பிம்பம்.

இதை மட்டும் தெரிந்துகொண்டு ஸ்கேன் செய்ய உட்காரும் ஆட்கள் மாட்டிக்கொள்வது நகல் ஃபிலிமில். விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த மூலச் சுருளை யார் கையிலும் கொடுக்கமாட்டார்கள். அதிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று எடுத்துத்தான் பத்திரிகைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அனுப்பினார்கள். எமல்ஷனோடு எமல்ஷன் ஒட்டவைத்து நகல் எடுத்தால் அந்த நகலில் எல்லாம் மாறிவிடும்: மங்கலான பக்கத்திலிருந்து பார்த்தால்தான் சரியான காட்சி. அதிலிருந்து மறுபடி அப்படியே ஒரு நகல் எடுத்தால் பழையபடி பளபளப்பான பக்கம். ஆக, ‘மங்கலான பக்கம் கீழே, பளபளப்பான பக்கம் நம்மைப் பார்த்து’ என்ற விதி எத்தனையாவது தலைமுறை நகல் என்று தெரிந்தால்தான் செல்லும். தெரியாத நிலையில் கையில் இருக்கும் ஸ்லைடின் பளபளப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். படத்துக்குள் இருக்கும் சாட்சிதான் பெரிது.

வேண்டுமென்றே புரட்டுவதும் உண்டு. பக்கத்தின் வலது ஓரத்தில் வைக்கும் படத்தில் ஆள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் வடிவமைப்பாளருக்கு உறுத்தும், உள்ளே பார்க்கும்படி திருப்பிவிடுவார். வரலாற்றுப் படங்களில் இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அழகுக்காகக் கட்டுரையின் வாக்கியத்தை மாற்றலாம், சாட்சியத்தை மாற்றக்கூடாது.

எழுத்துகளைத் தேடுங்கள், ஆனால் எந்த எழுத்து என்று பாருங்கள்

எழுத்துதான் எளிதான சாட்சி. கலத்தின் மேல் எழுதிய நாட்டுப் பெயர், வீரரின் பெயர்ப்பட்டை, கருவிப் பலகையின் குறிப்புகள் என்று எதாவது ஒன்று அகப்படும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் தேடுங்கள்.

ஆங்கிலத்தில் ஏ, எச், ஐ, எம், ஓ, டி (T), யு, வி, டபிள்யு, எக்ஸ், ஒய் ஆகிய பெரிய எழுத்துகள் கண்ணாடியிலும் அப்படியேதான் இருக்கும். அவை மட்டும் தெரிந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உடலில் ‘யுஎஸ்ஏ’ என்று மேலிருந்து கீழாக எழுதியிருப்பார்கள். அதில் யு-வும் ஏ-வும் உதவாது, நடுவில் இருக்கும் எஸ் மட்டும்தான் உண்மையைச் சொல்லும். தூரத்திலிருந்து எடுத்த ஏவுதளப் படங்களில் அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் வேலை செய்யவேண்டியிருக்கும். ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று முழுசாக எழுதியிருந்தால் கவலையில்லை. என், இ, டி (D), எஸ் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

சோவியத் படங்களில் வேறு சிக்கல். ரஷ்ய எழுத்துகளில் ‘இ’ ஒலிக்கானது ஆங்கில என்-ஐக் கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். ‘யா’ என்ற எழுத்து புரண்ட ஆர் மாதிரி இருக்கும். ரஷ்ய மொழி தெரியாதவர் இவற்றைப் பார்த்துவிட்டுப் படம் புரண்டிருக்கிறது என்று ‘திருத்தி’விட வாய்ப்பு அதிகம். ககாரின், லியோனோவ் ஆகியோரின் தலைக்கவசத்தில் சிவப்பில் இருக்கும் நான்கெழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு சி, சி, சி, பி என்று தெரியும். சி-க்களின் வாய் வலப்பக்கம் திறந்திருக்கவேண்டும், கடைசி எழுத்தின் வயிறும் வலப்பக்கம் இருக்கவேண்டும்.

அப்புறம், புரண்டே எழுதப்பட்ட எழுத்துகளும் இருக்கின்றன. அமெரிக்க விண்வெளி ஓடக் காலத்து நடைப்பயண உடையில் மார்பில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதன்மேல் உள்ள எழுத்துகள் கண்ணாடி எழுத்துகளாகவே பொறிக்கப்பட்டிருக்கும். தலைக்கவசத்தோடு குனிந்து மார்பைப் பார்க்க முடியாதல்லவா? மணிக்கட்டில் ஒரு சிறு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அதில் பார்த்துப் படிப்பார்கள். அந்தப் பெட்டியில் எழுத்து நேராகப் படிக்க முடிந்தால்தான் நீங்கள் சந்தேகப்படவேண்டும்.

தலைக்கவசத்தின் தங்க முலாம் பூசிய முகத்திரையில் தெரியும் பிரதிபலிப்பும் அதே வகை. அது குவிந்த கண்ணாடி. சரியான படத்திலும் அதற்குள் இருக்கும் கொடி, கலம், எழுத்து எல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும். அதை வைத்து முழுப் படத்தையும் புரட்டிவிடாதீர்கள்.

கொடியை அவசரப்பட்டு நம்பாதீர்கள்

அமெரிக்கக் கொடியில் நட்சத்திரக் கட்டம் இடது மேல் மூலையில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அது வலப்பக்கம் தெரிந்ததுமே ‘புரண்ட படம்’ என்று முடிவு கட்டுகிறார்கள். நிலாவில் நட்ட கொடி துணி. பின்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் வலப்பக்கம்தான் இருக்கும், படம் சரியாக இருந்தாலும். விண்வெளி ஓடத்தின் வலது பக்கச் சுவரில் வரைந்த கொடியிலும் நட்சத்திரங்கள் மூக்கை நோக்கி, அதாவது பார்ப்பவரின் வலப்பக்கம் இருக்கும். விமானங்களுக்கு உள்ள வழக்கம் அது.

கொடி உதவுவது வேறு விதத்தில். அது உடலில் எந்தப் பக்கம் தைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஜெமினி 4 முதல் அப்பல்லோ நிலா உடைகள் வரை கொடி இடது தோளில்.

உடையும் ஆளும்

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் எடுத்த ஆல்ட்ரினின் நின்ற நிலைப் படத்தை எடுத்துக்கொள்வோம். நாசாவின் எண் ஏஎஸ்11-40-5903. உலகத்தில் அதிகம் அச்சான விண்வெளிப் படங்களில் ஒன்று. ஆல்ட்ரின் நம்மைப் பார்த்து நிற்கிறார். மடித்து உயர்த்தியிருப்பது அவருடைய இடக்கை, நமக்கு வலப்பக்கம் தெரிவது. அந்தத் தோளில் கொடி. அந்தக் கையுறையின் மணிக்கட்டுப் பட்டையில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் தைத்திருக்கிறது. உயர்த்திய கை நமக்கு இடப்பக்கம் இருந்தால் படம் புரண்டது. இதைச் சொல்ல ஒரு எழுத்துகூட வேண்டாம்.

இந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. மூலத்தில் ஆல்ட்ரினின் தலைக்கு மேலேயே சட்டம் முடிந்துவிடும், முதுகுப் பெட்டியின் உச்சியிலிருந்த ஆன்டெனா வெட்டுப்பட்டிருக்கும். அச்சிட்டவர்கள் மேலே கருப்பு வானத்தை ஒட்டி, சாய்ந்த அடிவானத்தையும் நிமிர்த்தினார்கள். ஆகவே மூலத்தோடு ஒப்பிடும்போது வெட்டு, ஒட்டு, சாய்வு, புரட்டல் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள்.

1965 ஜூன் 3-ல் எட் வைட் ஜெமினி 4-லிருந்து வெளியே மிதந்ததை உள்ளேயிருந்து மெக்டிவிட் எடுத்த படங்களும் பயிற்சிக்கு நல்லவை. நாசாவின் படக்குறிப்பு, வாயுத் துப்பாக்கி போன்ற நகர்த்தும் கருவி வைட்டின் வலக்கையில் இருப்பதாகச் சொல்கிறது. கொடி இடது தோளில். இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று சாராதவை. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாக முடிவெடுக்கலாம்.

பயிற்சிக்கூடம், பத்திரிகையாளர் சந்திப்பு போன்ற இடங்களில் எடுத்த படங்களுக்குச் சாதாரண உடையே போதும். ஆண்களின் சட்டையிலும் கோட்டிலும் அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வரும், மார்புப் பையும் அவருடைய இடப்பக்கம் இருக்கும். தலை வகிடு அதே ஆளின் மற்ற படங்களோடு ஒத்துப்போகவேண்டும். கைக்கடிகாரத்தை மட்டும் பெரிய சாட்சியாக எடுக்காதீர்கள். எந்தக் கையில் கட்டுவது என்பது அவரவர் வசதி. ஆனால் கடிகாரத்தின் முகப்பு தெளிவாகத் தெரிந்தால், பொத்தான்கள் 3 மணி எண் இருக்கும் பக்கம் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

கலத்தின் கோணல்கள்

பொறியாளர்கள் கட்டிய எந்தக் கலமும் முழுக்கச் சமச்சீர் கிடையாது. அந்தக் கோணல்கள் நமக்கு வரம்.

அப்பல்லோ நிலா இறங்குகலத்தின் மேல்பகுதியை நேர் எதிரே நின்று பார்த்தால் இரண்டு கன்னமும் ஒரே அளவில் உப்பியிருக்காது. காரணம் எரிபொருள். ஒரு பக்கத் தொட்டியில் எரிபொருள், மறுபக்கம் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றி. ஒரே கொள்ளளவுதான், ஆனால் ஆக்சிஜனேற்றி எரிபொருளைவிட 1.6 மடங்கு எடை. சீ-சா பலகையில் எடை குறைந்த பிள்ளை தள்ளி உட்காருவதுபோல எடை குறைந்த எரிபொருள் தொட்டியை நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளி வைத்தார்கள். இடவலம் சரி என்று உறுதியான ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்து அந்த உப்பலை ஒப்பிட்டால் போதும், எழுத்தே தெரியாத தூரப் படங்களிலும் வேலை செய்யும்.

கிட்டத்துப் படமென்றால் கூரையில் இருக்கும் சிறு ஜன்னலைத் தேடுங்கள். கலங்கள் இணையும்போது மேலே பார்ப்பதற்காக அது கமாண்டரின் தலைக்கு மேல் மட்டும் இருந்தது. கமாண்டர் நிற்பது இடப்பக்கம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம். உள்ளே எடுத்த படங்களில் கதவைப் பாருங்கள். அது உள்நோக்கி, வலப்பக்கம் நிற்கும் விமானியின் பக்கமாகத் திறக்கும். கமாண்டர் முதலில் வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். நிலா ஊர்தியிலும் ஓட்டுகிற கமாண்டர் இடது இருக்கையில்தான்.

விண்வெளி ஓடத்தில் கனடா கொடுத்த எந்திரக் கை சரக்கறையின் இடப்பக்க விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் விமானி அறையின் பின் ஜன்னல் வழியாகப் பின்னோக்கிப் பார்த்து எடுத்த படங்களில் அது வலப்பக்கம் தெரியும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். கலத்தின் இடப்பக்கமா, பார்ப்பவரின் இடப்பக்கமா என்று ஒவ்வொரு முறையும் தாளில் எழுதிவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

பூமி தெரியும் படங்கள்

கரையோரம் தெரிந்தால் மூன்று புள்ளி முறை போதும். அப்பல்லோ 17-ன் முழு பூமிப் படத்தில் ஆப்பிரிக்கா, அரேபியா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் தெரியும். அண்டார்டிகாவைக் கீழே கொண்டுவந்தால் மடகாஸ்கர் ஆப்பிரிக்காவின் வலப்பக்கம் நிற்கவேண்டும்.

கரையே தெரியாமல் மேகம் மட்டும் தெரிந்தால்? அப்போதும் ஒரு வழி உண்டு. பூமியின் சுழற்சியால் வடக்கு அரைக்கோளத்துப் புயல்கள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலும், தெற்கே கடிகாரத் திசையிலும் சுழலும். புயலின் சுருளே ஒரு இடவலக் குறி. மேலே சொன்ன அதே படத்தில், வடக்கை மேலே வைத்தால் வலது மேல் ஓரத்தில், இந்தியப் பெருங்கடலின் வட பகுதியில் ஒரு புயல் தெரியும். 1972 டிசம்பர் 5 வாக்கில் தமிழ்நாட்டில் பலத்த காற்றையும் வெள்ளத்தையும் கொண்டுவந்த புயல்தான் அது. ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த, உலகமே பார்த்த படத்தில் நம் ஊர் மழை பதிவாகியிருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் பிடித்த இடம் அதுதான்.

புயல் சோதனையில் இரண்டு எச்சரிக்கை. எந்த அரைக்கோளம் என்பது உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கவேண்டும். நேரம், சுற்றுப்பாதை, கலத்தின் பதிவேடு ஆகியவற்றிலிருந்து அது கிடைக்கும். தெரியாமல் சுருளை மட்டும் பார்த்தால் தெற்கத்திப் புயலின் சரியான படமும் வடக்கத்திப் புயலின் புரண்ட படமும் ஒன்றாகத்தான் இருக்கும். அடுத்து, புயலின் உச்சியிலிருந்து வெளியே வழியும் மெல்லிய இழை மேகங்கள் எதிர்த் திசையில் வளைந்து போகும். கீழ்மட்டத்தில் உள்நோக்கிச் சுருளும் தடித்த மேகப் பட்டைகளை மட்டும் பாருங்கள்.

நிலா தெரியும் படங்கள்

நிலாவின் முன்பக்கத்தில் டைக்கோ பள்ளம், மழைக்கடல், நெருக்கடிக்கடல் மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள் (நிலாவில் ‘கடல்’ என்பது இருண்ட சமவெளி). டைக்கோ தெற்கே வெள்ளைக் கதிர்கள் கிளம்பும் இடம். மழைக்கடல் வடமேற்கில் பெரிய கருவட்டம். நெருக்கடிக்கடல் கிழக்கு ஓரத்தில் தனியாக நிற்கும் சிறு கருவட்டம். இதே வரிசையில் விரலை ஓட்டினால் கடிகாரத் திசை. வெறும் கண்ணால் பார்க்கும் நிலா இரவு முழுக்கச் சுழன்றுகொண்டே நகர்ந்தாலும் இந்தத் திசை மாறாது. தொலைநோக்கியில் பார்த்து ஒப்பிடுவதாக இருந்தால் கவனம். கண்வில்லைக்கு முன்னால் ஒரு சாய்வுக் கண்ணாடி வைத்த தொலைநோக்கிகள் நிலாவை இடவலம் மாற்றிக் காட்டும்.

மறுபக்கத்தின் முதல் படங்களை சோவியத்தின் லூனா 3 எடுத்தது 1959 அக்டோபர் 7-ல். தரம் மிகக் குறைவு, புள்ளியும் கோடுமாக இருக்கும். வடக்கை மேலே வைத்தால் முன்பக்கத்தைச் சேர்ந்த நெருக்கடிக்கடல் இட ஓரத்தில் தெரியும். வலப்பக்கம் மேலே மாஸ்கோ கடல், கீழே இருண்ட தரையும் நடுவில் வெளிர் சிகரமும் கொண்ட சியோல்கோவ்ஸ்கி பள்ளம். இந்த வரிசையிலும் கடிகாரத் திசைதான். பூமியிலிருந்து பார்க்கையில் வலப்பக்கம் இருக்கும் நெருக்கடிக்கடல் இங்கே இடப்பக்கம் இருப்பதைப் பார்த்துப் புரண்டது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் நிலாவின் பின்னால் நிற்கிறோம்.

தரையில் இறங்கி எடுத்த படங்களுக்கு நிழல்தான் துணை. ஆறு அப்பல்லோ இறக்கங்களும் அந்தந்த இடத்தில் சூரியன் உதித்துக் கொஞ்ச நேரம் ஆன காலையில்தான் நடந்தன. பள்ளங்களின் நிழல் தெளிவாகத் தெரிவதற்காக அப்படித் திட்டமிட்டார்கள். நிலாவின் பகல் இரண்டு பூமி வாரம் நீள்வதால் வீரர்கள் தங்கிய நாட்கள் முழுக்கக் காலைதான், சூரியன் கிழக்கேதான். ஆக, நிழல் மேற்கே விழும். வடக்கைப் பார்த்து எடுத்த படத்தில் நிழல் இடப்பக்கம் சாயும், தெற்கைப் பார்த்து எடுத்ததில் வலப்பக்கம்.

திசையை மலைகள் சொல்லும். 1971-ல் அப்பல்லோ 15 இறங்கிய இடத்துக்குத் தெற்கே ஹாட்லி டெல்டா மலை இருக்கிறது. அது பின்னணியில் நேராக நின்றால் கேமரா தெற்கைப் பார்க்கிறது, நிழல்கள் வலப்பக்கம் போகவேண்டும். இடப்பக்கம் போனால் படத்தைப் புரட்டிப் பாருங்கள், மலையின் சாய்வும் பழைய படங்களோடு ஒத்துவரும். திசை தெரியாத படத்தில் நிழலை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பலர் கேட்பது அப்பல்லோ படங்களில் தெரியும் சிறு கூட்டல் குறிகளைப் பற்றி. கேமராவுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தகட்டில் பொறித்தவை, வரிசைக்கு ஐந்தாக 25 குறிகள், நடுவில் இருப்பது மட்டும் பெரியது. அளவெடுக்கவும் படம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் அருமையானவை. ஆனால் அந்த அமைப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. புரட்டினாலும் அப்படியேதான் இருக்கும்.

மூலத்துக்குப் போங்கள்

உள்ளே இருக்கும் சாட்சி ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிறுத்தாதீர்கள். படத்தின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஏஎஸ்11-40-5903 என்றால் அப்பல்லோ 11, 40-வது மேகசின் (ஃபிலிம் பெட்டி), 5903-வது ஃபிரேம். எண் தெரிந்தால் மூலச் சுருளின் ஸ்கேன்களில் அதே ஃபிரேமைப் பார்க்கலாம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் நாசாவோடு சேர்ந்து மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ ஃபிலிம்களை உயர் தரத்தில் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முழு ஃபிலிமும் ஓரத்தோடு கிடைக்கும் ஸ்கேனில் ஓரத்து எழுத்துகளும் எண்களும் நேராகப் படிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதைவிடக் கெட்டியான சாட்சி முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்கள். வீரர்கள் நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பி வரிசையாகப் படம் எடுப்பார்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் ஓரத்தோடு கலக்கும். வீரர் வலப்பக்கமாகத் திரும்பியிருந்தால் உங்கள் படத்தில் வலது ஓரத்தில் இருக்கும் பாறை அடுத்த ஃபிரேமில் இடது ஓரத்தில் வரவேண்டும், அதே வடிவத்தில். ஒரு படம் மட்டும் புரண்டிருந்தால் எந்தப் பக்கமும் ஒட்டாது. நிலாத் தரை என்றால் 2009-ல் ஏவப்பட்டு நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் எடுத்த இறங்கு இடப் படங்களும் இருக்கின்றன. பள்ளங்களின் வரிசையை மேலிருந்து சரிபார்க்கலாம்.

படக்குறிப்பில் ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ என்று எழுதியிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். ஆனால் தனிச் சாட்சியாக வேண்டாம். புரண்ட அச்சைப் பார்த்தே ஒருவர் குறிப்பு எழுதியிருக்கலாம்.

முடிவும் திருத்தமும்

என் விதி இது: ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள். எழுத்தும் கொடி இருக்கும் தோளும், அல்லது நிழலும் மலையும், அல்லது புயலும் கரையோரமும். இரண்டு ஒத்துப்போனால் ‘புரண்டது’ என்று சொல்லலாம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ‘புரண்டிருக்க வாய்ப்புண்டு’ என்று மட்டும். ஒன்றுமே இல்லையென்றால் அப்படியே குறித்துவிட்டு நகருங்கள். கருப்பு வானமும் ஒரு வளைவும் மட்டும் உள்ள படங்களில் அடுத்த ஃபிரேம் கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் சரி.

திருத்தும்போது உங்களுக்குக் கிடைத்த கோப்பில் கைவைக்காதீர்கள். நகல் எடுத்து அதைப் புரட்டி, ‘இடவலம் திருத்தியது’ என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பின்னால் வருபவர் அதை இன்னொரு முறை ‘திருத்தி’ மறுபடி புரட்டிவிடுவார்.

காப்பகத்துக்கோ பதிப்பாளருக்கோ எழுதினால் நீளமாக எழுதவேண்டாம். படத்தின் எண், அது வெளியான இடம், உங்கள் இரண்டு சாட்சிகள், மூலச் சுருளில் அதே ஃபிரேம் எப்படி இருக்கிறது என்பது, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படங்கள். சாட்சி இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். மறுமுனையில் இருப்பவர் தினமும் நூறு படம் பார்ப்பவர். அரை நிமிடத்தில் அவருக்கு விளங்கினால் அன்றைக்கே மாற்றிவிடுவார்.